பங்கோரிலும் நாலரை மணிக்கே விழிப்பு

சுங்கை சிப்புட்,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள குண்டுமணிக்கு,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிவிட்டது. திட்டாதே. முட்டி ஆபரேஷன் முடிந்து நீயே கிள்ளான் சந்தைக்கு நடந்து போய்க் கீரை வாங்கினாய் என்று எழுதியிருந்தாயே, அந்த வரியை வீட்டுக்காரருக்கு இரண்டு தடவை வாசித்துக் காட்டினேன். "கீரையை விடு, பேரம் பேசினாளா என்று கேள். பேசியிருந்தால் முழுசாகக் குணமாகிவிட்டாள்" என்றார். பேசினாயா?

பதில் தாமதமானதற்குக் காரணம், நாங்கள் ஊரில் இல்லை. மலாய்க்காரர்கள் சொல்வதுபோல் காற்று தின்ன, அதாவது ஊர் சுற்றிப் பார்க்கப் போயிருந்தோம். மகன், மருமகள், மகள், மாப்பிள்ளை, பேரப்பிள்ளைகள் மூன்று பேர், நாங்கள் இரண்டு கிழங்கள். இரண்டு காடியில் (காரில்தான்) பங்கோர் தீவுக்கு, மூன்று நாள். ஏற்பாடெல்லாம் மகள்தான். ஓர் இரவுக்கு அறை வாடகை எவ்வளவு என்று கேட்டேன், வாயைத் திறக்கவில்லை. மருமகளைத் தனியாகப் பிடித்து விசாரித்தால் இருநூற்றெண்பது வெள்ளி (ரிங்கிட்). நம் அம்மாமார்கள் மாதம் முழுக்க ரப்பர் மரத்தில் பால் வெட்டினாலும் கையில் அவ்வளவு வந்ததில்லை. அன்று ராத்திரி எனக்குத் தூக்கமே இல்லை.

பங்கோர் என்றதும் உனக்கு என்ன ஞாபகம் வந்திருக்கும் என்று தெரியும். தோட்டத்து லாரி. மாசி மகத்துக்குத் தார்ப்பாயைக் கட்டி ஆட்டுமந்தை மாதிரி நம்மை ஏற்றிக்கொண்டு போனார்களே. ஆயர் தாவார் தாண்டுவதற்குள் நீ வாந்தி எடுத்து, என் புதுப்பாவாடை போச்சு. இதுவரை மன்னிப்புக் கேட்கவில்லை, ஞாபகம் வைத்துக்கொள். இப்போதும் அதே ஈப்போ, ஆயர் தாவார், சித்தியவான் வழிதான். அன்றைக்கு வழி நெடுகப் பால்மரமாகத் தெரிந்த இடமெல்லாம் இப்போது செம்பனை, அந்த எண்ணெய்ப் பனைதான். சித்தியவானில் இறங்கி, சீனர்கள் அடுப்புச் சுவரில் ஒட்டிச் சுடுகிறார்களே கொம்பியா ரொட்டி, அதில் ஒரு பை வாங்கினோம். லூமுட் போய்ச் சேர்வதற்குள் பை காலி.

லூமுட்டில் படகு ஏறினால் அரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடுதல். முதலில் சுங்கை பினாங் கெச்சிலில் நிற்கும். பத்திரகாளியம்மன் கோயில் அந்தப் பக்கம்தானே, நான் பையைத் தூக்கிக்கொண்டு இறங்கத் தயாராகிவிட்டேன். மகள் கையைப் பிடித்து உட்கார வைத்தாள். "அம்மா, நாம இங்க இல்ல, அந்தப் பக்கம்."

அந்தப் பக்கம் என்று ஒன்று இருப்பதே எனக்கு அப்போதுதான் உறைத்தது, குண்டுமணி. நமக்குத் தெரிந்த பங்கோர் லூமுட்டைப் பார்த்த கிழக்குக் கரை. கோயில், மீன்பிடிப் படகு, கருவாட்டு வாடை, படகுத்துறை ஜெட்டி, அவ்வளவுதான். மணலும் குளியலும் ஹோட்டலும் மலைக்கு அந்தாண்டை, மேற்கில். நம்மைக் கணுக்கால் வரைக்கும்கூடத் தண்ணீரில் விடவில்லையே அம்மாக்கள். புளிச்சோறு, சாமி கும்பிடு, அப்படியே ராத்திரியோடு ராத்திரியாக லாரி. மறுநாள் விடிகாலையில் பெரட்டு இருந்தது, வேலைக்கு ஆள் கணக்கெடுப்பார்களே. மலையைச் சுற்றிப் பார்க்க யாருக்கு நேரம்?

இளஞ்சிவப்பு வேனில் மலையேறி இறங்கி தெலுக் நிப்பா போனோம். கடல் விளம்பரப் படத்தில் பார்த்த நீலம் இல்லை. மலாக்கா நீரிணைத் தண்ணீர் கொஞ்சம் பச்சை, கொஞ்சம் கலங்கல். ஆனால் அலை அடக்கமாக இருந்தது, பிள்ளைகள் கரையேற மாட்டேன் என்றார்கள். அறையில் ஏர்கோன் கட்டில் தலைமாட்டில் சொட்டியது. இருநூற்றெண்பது வெள்ளிக்கு வாளி வைத்துத் தூங்கினேன். வீட்டுக்காரர் சண்டைக்குப் போகிறேன் என்றார், வேண்டாம் என்று விட்டுவிட்டேன். ஒழுகுகிற தோட்டத்து லயத்து வீட்டில் வளர்ந்தவளுக்கு வாளிச் சத்தம் தாலாட்டு மாதிரிதான்.

இப்போது ஒன்று சொல்கிறேன், சிரிக்காதே. முதல் நாள் நாலரைக்கு விழிப்பு வந்துவிட்டது. பால் வெட்டை விட்டு இருபது வருஷத்துக்கு மேலாகிறது, இந்த உடம்புக்கு யாரும் தகவல் சொல்லவில்லை. பேரப்பிள்ளைகள் முழித்துக்கொள்ளக் கூடாதே என்று இருட்டில் அசையாமல் கிடந்தேன். கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால் வீட்டுக்காரரும் கண்ணைத் திறந்துகொண்டு கூரையைப் பார்க்கிறார். அவருக்கு லாரி எடுக்கும் நேரம். இரண்டு பேரும் திருடர்கள் மாதிரி செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு கடற்கரைக்குப் போனோம்.

அந்த நேரத்துக் குளிர்ச்சியில்தான் பால் நன்றாக இறங்கும், வெயில் ஏறினால் நின்றுவிடும் என்பார்கள். அதற்காகத்தானே இருட்டில் ஓடினோம், நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு. மணலில் உட்கார்ந்த பிறகு கையை எங்கே வைப்பது என்றே தெரியவில்லை. சிப்பி பொறுக்கினேன். வீட்டுக்காரர் ஒரு கழியை எடுத்துக் காய்ந்த இலையை எல்லாம் ஓரமாகத் தள்ளிக் கூட்டிக்கொண்டிருந்தார், யாரோ சம்பளம் கொடுக்கிற மாதிரி. மணி ஏழேகால் ஆகியும் வெளிச்சம் வரக் காணோம். அப்புறம்தான் புரிந்தது, சூரியன் நமக்குப் பின்னால் மலைக்கு அந்தாண்டை, கோயில் பக்கம் உதிக்கிறது. இந்தப் பக்கத்துக்கு அஸ்தமனம்தான் சொந்தம்.

இரண்டாம் நாளும் நாலரை. மூன்றாம் நாள் ஐந்தேகால்! மகளிடம் சொன்னேன், இன்னும் ஒரு வாரம் இருந்திருந்தால் ஆறு மணி வரைக்கும் தூங்கப் பழகியிருப்பேன் என்று. அவள் ஏனோ கண் கலங்கிவிட்டாள். நான் வேடிக்கையாகத்தான் சொன்னேன்.

சாயங்காலம் ஆறரை வாக்கில் இருவாச்சிகள் வரும். பழத்துண்டை மேலே எறிந்தால் மூக்கை நீட்டிக் காற்றிலேயே கவ்வுகின்றன. கறுப்பு உடம்பு, வெள்ளை வயிறு, மூக்கின் மேல் இன்னொரு மூக்கு. குரங்குகள்தான் தொல்லை. ஒன்று வீட்டுக்காரரின் சர்க்கரை மாத்திரைப் பையைத் தூக்கிக்கொண்டு மரமேறி, மோந்து பார்த்துவிட்டு நேராக அவர் தலையிலேயே போட்டது. மாப்பிள்ளைக்கு வேறு ஏமாற்றம். 2020 ஜனவரியிலிருந்து பங்கோர் வரியில்லாத் தீவு என்று கேள்விப்பட்டு லங்காவி மாதிரி பீர் மலிவாகக் கிடைக்கும் என்று வந்திருந்தார். மதுவுக்கும் சிகரெட்டுக்கும் அந்தச் சலுகை இல்லை. சாக்லேட் வாங்கிக்கொண்டு முகத்தைத் தொங்கப் போட்டார்.

இரண்டாம் நாள் நான் பிடிவாதம் பிடித்து எல்லாரையும் கிழக்குப் பக்கம் கூட்டிப் போனேன். கோயிலில் அர்ச்சனை, உன் பேருக்கும் சேர்த்து. உன் நட்சத்திரம் மறந்துவிட்டது, முட்டி என்று மட்டும் சொன்னேன், ஐயர் விழித்தார். பிறகு தெலுக் கெடோங்கில் டச்சுக்காரன் கோட்டை. ஈயத்தைச் சேர்த்து வைக்க 1670-இல் கட்டினானாம். கூரையில்லாத செங்கல் சுவர்தான் மிச்சம். சின்னவன் "மீதி எங்கே?" என்று கேட்டான். பெரிய பேத்தி தன் வரலாற்றுப் பாடத்தை ஒப்பித்தாள்: 1874 ஜனவரி 20, பங்கோர் ஒப்பந்தம், கடலில் நின்ற புளூட்டோ என்ற கப்பலில் கையெழுத்து, பேராக் சுல்தானுக்கு ஆலோசனை சொல்ல வெள்ளைக்கார ரெசிடன்ட். மூன்றே வருஷத்தில், 1877-இல், நம் பக்கத்து ஊர் கோலகங்சாரில் ரப்பர் கன்று நட்டார்கள். அதில் ஒரு மரம் இன்னும் நிற்கிறதே, பள்ளிக்கூடத்தில் நம்மைக் கூட்டிப்போய்க் காட்டினார்கள். அப்புறம்தான் மரத்துக்கு ஆள் வேண்டும் என்று நம் தாத்தாமார்களைக் கப்பலேற்றியது. மாசி மகத்தன்று நாம் புளிச்சோறு தின்றுகொண்டே பார்த்தோமே, அதே கடல்தான் அந்தக் கையெழுத்து விழுந்த கடல். நமக்கு யாருமே சொல்லவில்லை பார். பேத்தியிடம் "இதனாலதான் பாட்டி நாலரைக்கு எந்திரிக்கிறேன்" என்றேன். அவளுக்குப் புரியவில்லை, தலையை மட்டும் ஆட்டினாள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். அடுத்த மாசி மகத்துக்கு நீ வர வேண்டும். லாரி இல்லை, மகன் காடி. கோயில் முடிந்ததும் ஓடி வராமல் இரண்டு ராத்திரி தங்கலாம், ஒரு ராத்திரி இந்தப் பக்கம், ஒரு ராத்திரி அந்தப் பக்கம். ஜெட்டியில் படி கொஞ்சம் உயரம், உன் முட்டி தாங்குமா என்று டாக்டரிடம் கேட்டு எழுது.

அடுத்த வாரம் மகன் வேலையாகக் கிள்ளான் வருகிறான். பங்கோர் நெத்திலி ஒரு கிலோ கொடுத்தனுப்புகிறேன். படகிலேயே அவித்துக் கரையில் காயவைப்பது, உப்பு ஏற்கெனவே இருக்கிறது, அதனால் சம்பாலில் கையைப் பிடித்து உப்புப் போடு. டப்பாவைத் திருப்பி அனுப்பிவிடு, அது மருமகளுடையது.

உன் பழைய கூட்டாளி