காரணம் தெரியாத காய்ச்சலுக்கு வயிற்று ஸ்கேன் தள்ளிப்போகக் கூடாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மழைக்காலக் காய்ச்சல்களைப் பற்றித் தங்கள் நாளிதழ் தொடர்ந்து எழுதிவருவதால் டெங்கு, எலிக்காய்ச்சல், டைபாய்டு ஆகிய பெயர்கள் இன்று எல்லா வீடுகளுக்கும் பழகிவிட்டன. அந்த வரிசையில் பெரும்பாலும் இடம்பெறாத ஒரு நோயைப் பற்றி, அரசு மருத்துவமனைகளில் பொது மருத்துவராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவன் என்ற முறையில் எழுத விரும்புகிறேன். பாக்டீரியாவால் உண்டாகும் கல்லீரல் சீழ்க்கட்டிதான் அது. உரிய நேரத்தில் வயிற்றை அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் செய்து பார்த்தால் பெரும்பாலானோரிடம் சில நிமிடங்களில் தெரிந்துவிடக்கூடிய இந்த நோய், அந்த ஸ்கேன் தள்ளிப்போவதால் உயிரைப் பறிக்கும் நிலைக்கு முற்றுவதைப் பலமுறை கண்டிருக்கிறேன்.

பித்தநாளத்தில் கல் அடைத்து ஏற்படும் தொற்று, குடல்வால் அழற்சி, பெருங்குடலில் உள்ள புண் அல்லது புற்று போன்றவற்றிலிருந்து கிருமிகள் பித்தநாளம் வழியாகவோ, குடலின் ரத்தத்தைக் கல்லீரலுக்குக் கொண்டுசெல்லும் போர்ட்டல் சிரை வழியாகவோ வந்து தங்கிச் சீழ் பிடிக்கின்றன. கணிசமானோரிடம் அவை எங்கிருந்து வந்தன என்பது கடைசிவரை தெரிவதே இல்லை. குளிர்நடுக்கத்துடன் காய்ச்சல், வலது விலாவுக்குக் கீழே வலி, பசியின்மை, மெலிவு என்று நூல்களில் உள்ள அறிகுறிகள் எல்லோரிடமும் ஒன்றாகச் சேர்ந்து வருவதில்லை. முதியவர்களுக்கு வலியே இல்லாமல் சோர்வும் விட்டுவிட்டு வரும் காய்ச்சலும் மட்டுமே இருக்கலாம். சிலருக்கு வலி வலது தோளில் தெரியும். கட்டி உதரவிதானத்தை ஒட்டியிருந்தால் இருமலும் வலது நுரையீரலின் அடியில் நீர்க்கோப்பும் ஏற்பட்டு, நிமோனியா என்று சிகிச்சை தொடங்கிவிடுவதும் உண்டு. கண்ணில் மஞ்சள் இல்லையே, பிறகு கல்லீரலில் என்ன இருந்துவிடப் போகிறது என்று கேட்பவர்கள் மருத்துவர்களிலும் இருக்கிறார்கள். இந்த நோயாளிகளில் பெரும்பாலோருக்கு மஞ்சள் காமாலை வருவதில்லை.

நம் ஊர்களில் காய்ச்சல் நான்கு நாள் நீடித்தால் ரத்தத்தில் டைபாய்டுக்கான வைடால் பரிசோதனை செய்கிறார்கள். டைபாய்டு பரவலாக உள்ள நாடுகளில், அந்த நோய் இப்போது இல்லாதவர்களுக்கும் இப்பரிசோதனை பாசிட்டிவ் காட்டக்கூடும் என்பது தெரிந்த செய்தி. ஆயினும் அந்த ஒரு சீட்டை நம்பி ஊசி போடப்படுகிறது, காய்ச்சல் இரண்டு நாள் தணிந்து மீண்டும் ஏறுகிறது, மருந்து மாற்றப்படுகிறது. இப்படி அரைகுறையாகக் கொடுக்கப்படும் ஆன்டிபயாடிக் கட்டியைக் கரைப்பதில்லை. பின்னர் ரத்தத்தைக் கல்ச்சர் செய்யும்போது, அதாவது அதிலுள்ள கிருமியை ஆய்வகத்தில் வளர்த்துப் பார்க்கும்போது, அது வளராமல் போகவும் அதுவே காரணமாகிவிடுகிறது. குளிர்நடுக்கத்துடன் வரும் காய்ச்சலுக்குக் காரணம் தெளிவாகத் தெரியாதபோது, முதல் ஆன்டிபயாடிக் ஊசிக்கு முன் கல்ச்சருக்கு ரத்தம் எடுப்பதையும் தாமதமின்றி வயிற்றை ஸ்கேன் செய்வதையும் எங்கும் நடைமுறையாக்க வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.

இந்தக் கட்டிகளை அல்ட்ராசவுண்ட் கண்டுபிடிக்கும் திறன் சுமார் 85 முதல் 95 விழுக்காடு வரை என்று மருத்துவ நூல்கள் கூறுகின்றன. சி.டி. ஸ்கேன் இதைவிடக் கூடுதலாகக் காட்டும் என்றாலும், அதற்குச் செலவும் கதிர்வீச்சும் அதிகம். எல்லா ஊரிலும் அது கிடைப்பதுமில்லை. நன்றாகப் பழுத்த கட்டி ஸ்கேன் திரையில் சுற்றியுள்ள கல்லீரலைவிடக் கறுத்து, ஒழுங்கற்ற சுவருடன், உள்ளே மிதக்கும் துகள்களுடன் தெரியும். அதன் பின்புறம் சற்று வெளுத்துக் காணப்படும். உள்ளே வாயு இருந்தால் பளிச்சென்ற புள்ளிகளாகத் தோன்றும். ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேனில் கட்டியின் நடுவே ரத்த ஓட்டம் இருக்காது. அதே வேளையில் பித்தப்பையையும் பித்தநாளத்தையும் போர்ட்டல் சிரையையும் பார்த்துவிட்டால், தொற்றின் மூலமும் பலமுறை அங்கேயே கிடைத்துவிடும்.

ஆனால் முதல் சில நாட்களில் சீழ் இன்னும் நீர்த்திருக்காது. அப்போது அந்தப் பகுதி கெட்டியாக, சுற்றுப்புறத்திலிருந்து எளிதில் பிரித்தறிய முடியாததாக இருக்கும். பார்ப்பவர் அதைத் தவறவிடலாம், அல்லது புற்றுநோய் என்று ஐயுறலாம். உதரவிதானத்தின் அடியில், கல்லீரலின் உச்சியில் இருக்கும் கட்டியும், மிகச் சிறிய கட்டிகளும், உடல் பருத்தவர்களிடத்திலும் கொழுப்பு படிந்த கல்லீரலிலும் உள்ளவையும் எளிதில் கண்ணுக்குத் தப்பும். நோயாளியை இடப்பக்கமாகச் சாய்த்துப் படுக்கவைத்து, மூச்சை ஆழமாக இழுத்து நிறுத்தச் சொல்லி, விலா எலும்புகளின் இடைவெளி வழியாகவும் பார்த்தால்தான் அந்த உச்சிப் பகுதி தெரியும். இதற்குச் சில நிமிடங்கள் கூடுதலாகத் தேவை. நாளொன்றுக்கு வரும் கூட்டத்தில் அந்த நிமிடங்களைக் கதிரியக்க மருத்துவர் ஒதுக்க வேண்டுமானால், எதைத் தேடுகிறோம் என்பதை அனுப்பும் மருத்துவர் எழுதியாக வேண்டும். ‘வயிற்று ஸ்கேன்’ என்று இரண்டே சொல் எழுதிய சீட்டுக்கும், ‘சர்க்கரை நோயாளி, பத்து நாள் குளிர்காய்ச்சல், கல்லீரல் சீழ்க்கட்டியா என்று பார்க்கவும்’ என்று எழுதிய சீட்டுக்கும் கிடைக்கும் விடைகள் வெவ்வேறு. முதல் ஸ்கேன் ஒன்றுமில்லை என்று சொல்லியும் காய்ச்சல் தொடர்ந்தால், சில நாட்களில் மீண்டும் ஸ்கேன் செய்யவோ சி.டி. எடுக்கவோ தயங்கக் கூடாது.

கட்டி இருக்கிறது என்று காட்டும் ஸ்கேன், அது பாக்டீரியாவால் வந்ததா அமீபா என்ற ஒட்டுண்ணியால் வந்ததா என்று உறுதியாகச் சொல்லிவிடாது. இரண்டும் நம்மிடையே உண்டு. இரண்டுக்கும் மருந்து வேறு. அமீபாவுக்கான ரத்தப் பரிசோதனையும், ஸ்கேனைப் பார்த்துக்கொண்டே ஊசியால் உறிஞ்சி எடுத்த சீழின் கல்ச்சரும்தான் அதைத் தெளிவாக்கும். இந்த ஊசி வழிச் சிகிச்சைக்கு ஒரு வரலாறு உண்டு. 1938-இல் அமெரிக்க அறுவை மருத்துவர் ஆக்ஸ்னரும் அவருடைய சகாக்களும் அறுவை சிகிச்சை செய்து சீழை வெளியேற்றுவதையே முறையாக முன்வைத்தார்கள். 1953-இல் ஹாங்காங்கில் மக்ஃபாட்ஸியனும் அவருடைய சகாக்களும், ஊசியால் உறிஞ்சி ஆன்டிபயாடிக் கொடுத்தே நோயாளிகளைக் குணப்படுத்த முடியும் என்று காட்டினார்கள். அன்று அவர்களுக்கு ஊசி செல்லும் வழியைக் காட்டும் ஸ்கேன் கிடையாது. இன்று அது இருப்பதால், மரத்துப்போகும் ஊசி மட்டும் போட்டு, ஐந்து சென்டிமீட்டருக்கு மேற்பட்ட கட்டிகளில் மெல்லிய கதீட்டர் குழாயை வைத்துச் சீழை வடிப்பது வழக்கமாகியிருக்கிறது. சிறிய கட்டிகள் பல, மருந்திலேயே ஆறிவிடுகின்றன. வயிற்றைக் கிழிப்பார்களோ என்ற அச்சத்தில் மருத்துவமனைக்கு வரத் தயங்கும் குடும்பங்களுக்கு இது தெரிய வேண்டும்.

சர்க்கரை நோயாளிகளுக்கு நான் இதைத் தனியாகச் சொல்ல வேண்டும். அவர்களுக்கு இந்நோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடப் பல மடங்கு அதிகம். கிளெப்சியெல்லா நிமோனியே என்ற கிருமியால் வரும் கட்டி, 1980-களில் தைவானிலிருந்து முதலில் விரிவாக எழுதப்பட்டு, இன்று ஆசிய நாடுகள் பலவற்றிலும் காணப்படுகிறது. இக்கிருமி ரத்தத்தில் பரவிக் கண்ணுக்குள் புகுந்து பார்வையையே பறிக்கக்கூடியது. கல்லீரலில் கட்டி உள்ளவருக்குக் கண் மங்கினாலோ சிவந்து வலித்தாலோ அன்றே கண் மருத்துவரிடம் காட்ட வேண்டும். 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தின் ஊழியர்கள் சர்க்கரை நோயாளிகளின் வீடுகளுக்கே மாத்திரை கொண்டுசெல்கிறார்கள். குளிர்நடுக்கத்துடன் காய்ச்சல் இருக்கிறதா என்று அவர்கள் ஒரு கேள்வியும் கேட்டு, இருந்தால் ஸ்கேன் வசதியுள்ள மருத்துவமனைக்கு அனுப்பிவைத்தால் எத்தனையோ பேர் முன்கூட்டியே வந்துசேர்வார்கள்.

அவர்கள் வந்துசேரும் இடத்தில் ஸ்கேன் கிடைக்க வேண்டும். சிறிய மருத்துவமனைகள் பலவற்றில் ஸ்கேன் அறை கர்ப்பிணிகளுக்கு மட்டுமானது என்ற எண்ணம் ஊன்றிப்போயிருக்கிறது. கருவின் பாலினத்தைக் கண்டறிவதைத் தடுக்கும் 1994-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ்ப் பதிவும் படிவங்களும் கட்டாயம். அந்தச் சட்டம் அவசியமானது என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் பதிவு பெற்ற கருவியில், தகுதி பெற்ற மருத்துவர், காய்ச்சலோடு வந்தவரின் கல்லீரலைப் பார்க்க அது எவ்வகையிலும் தடையாகாது. வெறும் வயிற்றோடு நாளைக் காலை வாருங்கள் என்று திருப்பி அனுப்பவும் தேவையில்லை. பித்தப்பையைத் தெளிவாகப் பார்க்கப் பட்டினி உதவும், கல்லீரலில் கட்டி இருக்கிறதா என்று பார்க்க அது வேண்டியதில்லை. வட்ட மருத்துவமனைகளில் வாரத்தின் எல்லா நாட்களிலும் காய்ச்சல் நோயாளிகளுக்கும் ஸ்கேன் நேரம் ஒதுக்கவும், அங்குள்ள மருத்துவர்களுக்குக் கல்லீரலைப் பார்க்கும் முறையிலும் ஊசியால் சீழ் எடுப்பதிலும் பயிற்சி அளிக்கவும் மக்கள் நல்வாழ்வுத் துறை ஆவன செய்ய வேண்டும் என்று தங்கள் நாளிதழ் வழியாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற அரசு மருத்துவர்,
தஞ்சாவூர் மாவட்டம்.