ஐந்தாம் கற்பனைக்கு ஒரு மாதம் கொடுங்கள்

கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களின் லுத்தரன் சபைகளில் ஊழியம் செய்யும் போதகர்களுக்கும், திடப்படுத்தல் வகுப்பு நடத்தும் உபதேசியார்களுக்கும், ஆசிரியர்களுக்கும்,

கிறிஸ்துவுக்குள் அன்பானவர்களே, தோத்திரம்.

நம் பிள்ளைகள் சிறிய ஞானோபதேசம் என்ற வினாவிடைப் பாடநூலைப் பிசகில்லாமல் ஒப்பிக்கிறார்கள். பத்துக் கற்பனைகளில், அதாவது பத்துக் கட்டளைகளில், ஐந்தாவது எது என்று கேட்டால் "கொலை செய்யாதிருப்பாயாக" என்று உடனே பதில் வருகிறது. அர்த்தத்தையும் சொல்லிவிடுகிறார்கள்: தேவனுக்குப் பயந்து, அவரிடத்தில் அன்புகூர்ந்து, அயலானுடைய உடலுக்குத் தீங்கோ துன்பமோ செய்யாமல், அவனுடைய சரீரத் தேவைகள் எல்லாவற்றிலும் உதவி செய்து ஆதரிக்க வேண்டும். நம் சபை மரபுக்குப் பெயர் தந்த ஜெர்மன் சீர்திருத்தவாதி மார்ட்டின் லுத்தர் 1529இல் எழுதியதன் சாரம் அதுதான். அதோடு வகுப்பு ஆறாம் கற்பனைக்குப் போய்விடுகிறது. இங்கே யாரும் கொலைகாரர் இல்லையே என்ற நிம்மதி ஆசிரியருக்கு. (சி.எஸ்.ஐ. சபையில் வளர்ந்தவர்கள் இதை ஆறாவதாக எண்ணுவார்கள். அது அவரவர் மரபு.)

இந்தக் கற்பனைக்கு ஒரு வகுப்பு போதாது, ஒரு மாதம் வேண்டும் என்று கேட்கவே எழுதுகிறேன். வேறு மாவட்டத்தில் இருந்திருந்தால் இவ்வளவு வற்புறுத்தியிருக்க மாட்டேன்.

2012 நவம்பர் 7ஆம் தேதி தருமபுரிக்குப் பக்கத்தில் நத்தம் காலனியும் அதை அடுத்த குடியிருப்புகளும் கொளுத்தப்பட்டதை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். சாதி தாண்டிய ஒரு திருமணம்தான் காரணம். 200க்கும் மேற்பட்ட வீடுகள் பாழாயின. அந்தத் தீயில் யாரும் சாகவில்லை. இப்போது உங்கள் வகுப்புப் பிள்ளையிடம் கேளுங்கள்: அன்று ஐந்தாம் கற்பனை மீறப்பட்டதா? "இல்லை, யாரும் சாகவில்லையே" என்று பதில் வந்தால், அந்தப் பிள்ளை அர்த்தத்தை மனப்பாடம் செய்திருக்கிறதே தவிர, நாம் கற்பிக்கவில்லை.

பெரிய ஞானோபதேசத்தில் லுத்தர் இதை எவ்வளவு தூரம் கொண்டுபோகிறார் என்று பாருங்கள். கையால் தீங்கு செய்யக் கூடாது என்பதோடு அவர் நிற்கவில்லை. நாவால் ஏவக் கூடாது, யோசனை சொல்லக் கூடாது, தீங்குக்கான வழிக்கு உடன்படக் கூடாது, உள்ளத்தில் பகை வைக்கக் கூடாது. மலைப்பிரசங்கத்தின் வழியில் கோபத்தையும் வசைச்சொல்லையும் இதே கணக்கில் சேர்க்கிறார். அடுத்து வருவதுதான் கூர்மையானது. பசித்தவனைப் பார்த்தும் சோறு போடாமல் போனால் அவனைப் பட்டினியால் சாகவிட்டவன் நீ. ஆபத்தில் இருப்பவனைக் காப்பாற்ற வழி தெரிந்தும் சும்மா இருந்தால், நீதான் கொன்றாய். மத்தேயு 25ஆம் அதிகாரத்தை அவர் சாட்சிக்கு அழைப்பது இங்கேதான்.

இந்த அளவுகோலை நம் மாவட்டத்துப் பெண் குழந்தைகளிடம் கொண்டுவருவோம். வேண்டாம் என்று விடப்படும் குழந்தைகளை அரசே ஏற்றுக்கொள்ள 1992இல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டம் 2001இல் தருமபுரிக்கு நீட்டிக்கப்பட்டது சும்மா அல்ல. 2001 கணக்கெடுப்பில், பிரிக்கப்படாத தருமபுரி மாவட்டத்தில் ஆறு வயது வரையிலான 1000 ஆண் குழந்தைகளுக்கு 826 பெண் குழந்தைகளே இருந்தார்கள். 2011இல் அது 900ஐத் தாண்டியது, உண்மை. ஆனால் கள்ளிப்பாலின் இடத்தை ஸ்கேன் பிடித்துக்கொண்டது. கருவின் பாலினத்தைச் சொல்வதை 1994ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. அப்படியிருந்தும், கையில் தூக்கிச் செல்லும் கருவியை வீட்டுக்குள் வைத்துப் பாலினம் சொன்ன கும்பல்கள் தருமபுரிப் பக்கம் பிடிபட்ட செய்தியை அண்மை ஆண்டுகளிலும் படிக்கிறோம்.

பிரசங்க பீடத்திலிருந்து இதைப் பற்றிப் பேச்சு வரும்போது குற்றவாளிக் கூண்டில் தாயை மட்டும் நிறுத்துவதை நான் கேட்டிருக்கிறேன். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. லுத்தருடைய பட்டியலை வைத்துக்கொண்டு பாருங்கள்: "இதுவும் பெண்ணா?" என்று கேட்ட மாமியார் நாவால் ஏவினார். பணம் கொடுத்த கணவன் வழிக்கு உடன்பட்டான். தரகர் யோசனை சொன்னார். மூன்றாவது பெண்ணுக்கும் நகை போட வேண்டுமே என்று அந்த வீட்டைப் பயமுறுத்தி வைத்திருக்கிற வரதட்சணையை மேடையில் எண்ணி வாங்கியவர்கள் நம் சபையிலும் இருக்கிறார்கள், அவர்களும் இந்தப் பட்டியலில் உண்டு. அந்தத் தாய்க்குச் சரீரத் தேவையில் யார் உதவினார்கள் என்று கேட்காமல் அவளை மட்டும் கண்டிப்பது கற்பனையின் பாதியைக் கிழித்துப் போடுவதாகும்.

அடுத்தது திருமணம். சாதி மானத்துக்காகப் பெற்ற பிள்ளையையே கொல்கிற செய்திகள் கிருஷ்ணகிரிக்கும் புதிதல்ல. பெற்றோருக்கு அதிகாரம் உண்டே, பெற்றோரைக் கனம்பண்ணு என்கிற நான்காம் கற்பனை அதைத்தானே சொல்கிறது என்று சிலர் வாதிடுவார்கள். பழங்காலத்தில் பெற்றோரே பிள்ளைகளை நியாயத்தீர்ப்புக்குக் கொண்டுவந்தார்கள் என்று லுத்தரும் இதே இடத்தில் குறிப்பிடுகிறார். ஆனால் அவர் முடிவு வேறு: தண்டிக்கும் பட்டயம் அரசாங்கத்திடம் இருக்கிறது, தனி மனிதன் கையில் இல்லை. தகப்பன் அரிவாளை எடுத்தால் அவன் கொலைகாரன்தான். பிள்ளைகளின் திருமணத்தைப் பெற்றோர் வற்புறுத்தவும் கூடாது, தடுக்கவும் கூடாது என்று 1524இல் அவர் தனியாகவே ஒரு சிறு நூல் எழுதினார். பெற்றோருக்குத் தெரியாமல் நிச்சயம் செய்துகொள்ளாதீர்கள் என்று பிள்ளைகளுக்கும் அதிலேயே சொல்கிறார். அதை மறைக்க மாட்டேன். ஆனால் பிள்ளைக்குக் கேடு செய்கிற அளவுக்குப் பெற்றோரின் அதிகாரம் நீளாது என்பது அவர் வைத்த எல்லை.

லுத்தரைப் புனிதராக்க நான் வரவில்லை. 1525இல் கிளர்ந்தெழுந்த விவசாயிகளை வெட்டவும் குத்தவும் பிரபுக்களை ஏவியவர் அவர். 1543இல் யூதர்களின் ஜெப ஆலயங்களைக் கொளுத்தவும் வீடுகளை இடிக்கவும் எழுதினார். நத்தத்தை அறிந்த நமக்கு அந்த வரிகள் எப்படிப் படும்? தாம் எழுதிய அர்த்தத்தின்படியே அவர் ஐந்தாம் கற்பனையை மீறினார். இதையும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். சொல்லாமல் விட்டால் பிற்காலத்தில் வேறு யாரிடமாவது கேட்டுக்கொண்டு வந்து, ஏன் மறைத்தீர்கள் என்பார்கள்.

நல்லதற்கு எடுத்துக்காட்டு வேண்டுமானால் தூரம் போக வேண்டாம். மிசூரி சினாட் என்ற அமெரிக்க லுத்தரன் சபை அனுப்பிய முதல் மிஷனரிகளில் ஒருவரான தியோடர் நேதர் 1895இல் வந்து ஊழியம் செய்தது நம் கிருஷ்ணகிரியில்தான். 1904இல் பிளேக் நோயில் இறந்ததும் இங்கேதான். 1527இல் விட்டன்பர்க்கில் பிளேக் பரவியபோது பல்கலைக்கழகமே இடம் மாறிப் போனது, லுத்தர் போகவில்லை. கொள்ளைநோய்க்கு அஞ்சி ஓடலாமா என்று கேட்டவர்களுக்கு அப்போது எழுதிய பதிலில், நோயாளியைப் பார்க்க வேறு ஆள் இருந்தால் போகலாம், போதகரும் அதிகாரிகளும் போகக் கூடாது என்றார். கை கொடுக்காமல் அயலானைக் கைவிடுகிறவனைக் கொலைகாரன் என்கிறார். மருந்தை உதறிவிட்டு விசுவாசம் என்று வீம்பு பேசுகிறவர்களையும் விடவில்லை. கொரோனா நாட்களில் நாம் கேட்ட சில சாட்சிகளை நினைத்துக்கொண்டேன்.

இனி நான் கேட்பது. அந்த ஒரு மாதத்தில் ஒரு வகுப்புக்குக் கிராம சுகாதார செவிலியரை அழையுங்கள். கருவுற்ற பெண் வற்புறுத்தப்பட்டால் 181க்கும், குழந்தைக்கு ஆபத்து என்றால் 1098க்கும் அழைக்கலாம் என்பதைப் பிள்ளைகள் அவர் வாயால் கேட்கட்டும். பெற்றோரையும் ஒரு வகுப்பில் உட்கார வையுங்கள், குறிப்பாகத் தகப்பன்மாரை.

கடைசியாக ஒன்று. சாதி மாறித் திருமணம் செய்ய விரும்பும் இருவர், வயது வந்தவர்கள், சட்டப்படி எந்தத் தடையும் இல்லாதவர்கள், ஓலை வாசிக்க, அதாவது சபையில் திருமண அறிவிப்பு செய்ய, கேட்டு வந்தால், "வீட்டில் சமாதானமாகி வாருங்கள்" என்று திருப்பி அனுப்பாதீர்கள். அவர்கள் எந்த வீட்டுக்குத் திரும்பிப் போகிறார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். ஓலை வாசிக்க முடியாது என்றால் காரணத்தை எழுத்தில் கொடுங்கள். சபைச் சங்கத்தின் அடுத்த கூட்டத்தில் அதை வாசிக்கச் சொல்லி நாங்கள் கேட்போம்.

கிருஷ்ணகிரியிலிருந்து,
சபையில் ஒருவன்