வட்டத்தை அளந்தால் மட்டும் போதாது: மூலிகைச் சாறுகளைச் சோதிப்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

தோல் பூஞ்சைக்கு எதிராக மூலிகைச் சாறுகளைச் சோதிக்கும் ஆய்வாளர்களுக்கும், அந்த ஆய்வுகளை வெளியிடும் ஆய்விதழ் ஆசிரியர்களுக்கும் வணக்கம்.

தோல் நோய்ப் பிரிவுக்கான ஓர் ஆய்வகத்தில் வேலை பார்க்கிறேன். படர்தாமரை வந்தவர்களின் தோலைச் சுரண்டி எடுத்து, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசல் விட்டு, நுண்ணோக்கியில் பூஞ்சை இழை தெரிகிறதா என்று பார்ப்பது என் அன்றாட வேலை. சுரண்டும் அந்த இரண்டு நிமிடத்தில் பலரும் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "சீமை அகத்தி இலையை அரைத்துப் பூசினால் போய்விடுமாமே, பூசலாமா?" மாதக்கணக்கில் களிம்பு பூசியும் மாத்திரை விழுங்கியும் சலித்துப்போனவர்கள் அவர்கள். உங்கள் கட்டுரைகளை நிறையவே படித்திருக்கிறேன். ஆனாலும் அவர்களுக்கு நேர்மையாகச் சொல்ல என்னிடம் பதில் இல்லை. அந்த வருத்தத்தில்தான் இதை எழுதுகிறேன்.

சீமை அகத்தியின் பச்சை இலையை எலுமிச்சைச் சாறு விட்டு அரைத்துப் பூசுவது பழைய வழக்கம். நாகமல்லி வேரையும் அப்படி அரைப்பதுண்டு. உங்கள் கட்டுரைகளிலோ இலை நிழலில் காய்ந்து, பொடியாகி, மெத்தனால் என்ற கரைப்பானில் மணிக்கணக்கில் கொதித்து வருகிறது. எலுமிச்சை எங்கே போயிற்று? அந்தப் புளிப்பினால் ஏதாவது கூடுதலாகக் கரைகிறதா, இல்லை புளிப்பே பாதி வேலையைச் செய்துவிடுகிறதா? இதைப் பார்க்காமலேயே "பாரம்பரியப் பயன்பாடு நிரூபணமானது" என்று முடிவுரை எழுதிவிடுகிறீர்கள். மலேரியாவுக்கான ஆர்ட்டிமிசினினைத் தேடிய தூ யூயூவுக்கு வழி திறந்ததே தயாரிப்பு முறையில்தான். செடியைத் தண்ணீரில் ஊறவைத்துப் பிழியச் சொன்ன ஒரு பழைய சீனக் குறிப்பைப் படித்து, கொதிக்கவைப்பதால் மருந்து கெடுகிறதோ என்று சந்தேகித்தார். குறைந்த வெப்பத்தில் ஈதர் கொண்டு வடித்தார், பலன் கிடைத்தது. 2015இல் நோபல் பரிசும் வந்தது. பழைய குறிப்பை வரிவரியாக மதித்துப் படித்ததால் கிடைத்த பலன் அது.

அடுத்தது அந்த வட்டம். பூஞ்சை வளர்க்கும் அகார் கூழ்த் தட்டில் குழி வெட்டி, சாற்றை ஊற்றி, சுற்றிலும் பூஞ்சை வளராத இடத்தை மில்லிமீட்டரில் அளக்கிறீர்கள். செலவு குறைவு, முதல் சல்லடையாக இருக்கட்டும். ஆனால் அகார் பெரும்பாலும் தண்ணீர். எண்ணெய்ப் பசையுள்ள பொருள் அதில் நகரவே திணறும். சீமை அகத்தியில் இருக்கும் கிரைசோபனாலே தண்ணீரில் சரியாகக் கரையாத பொருள்தான். அப்படியானால் சின்ன வட்டம் சொல்வது மருந்து பலவீனம் என்பதையா, மருந்து நகரவில்லை என்பதையா? தட்டைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது. திரவ ஊடகத்தில் படிப்படியாக நீர்க்கச் செய்து, பூஞ்சையை நிறுத்தும் மிகக் குறைந்த அளவைக் காண அமெரிக்க ஆய்வகத் தர நிறுவனமான சிஎல்எஸ்ஐயின் எம்38 என்ற முறை இருக்கிறது. அதைச் செய்யுங்கள். சாற்றைக் கரைத்த டைமெத்தில் சல்பாக்சைடை மட்டும் தனியாக வைத்தும் பாருங்கள், அதுவே பூஞ்சையை அடக்கக்கூடியது.

அப்புறம், அளவு. மருந்துக்கு அடங்கும் பூஞ்சையை டெர்பினாஃபின் என்ற பூஞ்சைக்கொல்லி மருந்து பொதுவாக மில்லிலிட்டருக்கு 0.1 மைக்ரோகிராமுக்கும் குறைவான அளவிலேயே நிறுத்திவிடும். உங்கள் சாறு 10 மில்லிகிராமில் நிறுத்தினால் அது லட்சம் மடங்கு. கலவையான சாற்றில் வேலை செய்யும் பொருள் துளிதான் இருக்கும் என்பது எனக்கும் தெரியும், அதனால் இந்த ஒப்பீடு சாற்றுக்குக் கொஞ்சம் அநியாயமானதுதான். சரி, அப்படியென்றால் "மருந்துக்கு நிகரானது" என்றும் எழுதாதீர்கள்.

எந்தப் பூஞ்சையைச் சோதிக்கிறீர்கள் என்பதும் முக்கியம். கேண்டிடா என்ற ஈஸ்ட் வகைப் பூஞ்சை ஓரிரு நாளில் வளர்ந்துவிடும், வேலை சுலபம். படர்தாமரைக்குக் காரணமோ மெதுவாக வளரும் டிரைக்கோஃபைட்டன் வகையறா. அதிலும் 2020இல் தனி இனமாகப் பெயரிடப்பட்ட டிரைக்கோஃபைட்டன் இன்டோடினியே பல இடங்களில் டெர்பினாஃபினுக்கு அடங்குவதில்லை. அந்த மருந்து தாக்கும் ஸ்குவாலீன் எபாக்சிடேஸ் நொதியின் மரபணுவே அதில் மாறிப்போயிருக்கிறது. வேறு வழியில் தாக்கும் ஒரு மூலிகைப் பொருள் கிடைத்தால் இங்கேதான் அது உயிர்நாடி. ஆனால் நுண்ணுயிர்ச் சேமிப்பகத்திலிருந்து வாங்கிய, மருந்துக்கு எளிதில் அடங்கும் வகையை மட்டுமே சோதித்து நிறுத்திக்கொள்கிறீர்கள்.

தட்டில் வென்றது தோலில் வெல்லும் என்பதும் இல்லை. தேயிலை மர எண்ணெயைப் பாருங்கள். சேற்றுப்புண்ணுக்கு 10 சதவீதக் களிம்பாகப் பூசியபோது அரிப்பும் எரிச்சலும் குறைந்தன, ஆனால் பூஞ்சை ஒழிந்தது மருந்தில்லாத வெற்றுக் களிம்பைவிடக் கூடுதலாக இல்லை. 1992இல் வந்த முடிவு இது. 2002இல் வெளியான இன்னொரு சோதனையில் 25, 50 சதவீதக் கரைசலைப் பூசினார்கள். 50 சதவீதக் கரைசலில் 64 சதவீதம் பேருக்குப் பூஞ்சை ஒழிந்தது, வெற்றுக் கரைசலில் 31 சதவீதம். கூடவே சிலருக்குத் தோல் அழற்சியும் வந்தது. அரிப்பு அடங்கியதை வைத்துக் குணமானதாகச் சொல்லக் கூடாது என்பது இதில் தெளிவு. மீண்டும் சுரண்டிப் பார்த்துத்தான் ஆக வேண்டும்.

இலைதானே என்ற நினைப்பும் வேண்டாம். கார்போகரிசியிலுள்ள சொராலன் வெயில் பட்டால் தோலைப் பொசுக்கும். கொடிவேலி வேரின் பிளம்பாஜின் கொப்புளம் எழுப்பும். மனிதத் தோல் செல்களின் மீதும் அதே சாற்றைச் சோதித்து, அந்த முடிவையும் பக்கத்திலேயே அச்சிடுங்கள்.

ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். வேலை செய்யாத சாறுகளின் முடிவையும் வெளியிடுங்கள். செடியின் மாதிரியை உலர்தாவரச் சேகரிப்பில் வைத்து எண் தராத கட்டுரையைத் திருப்பி அனுப்புங்கள். எந்தச் செடி என்றே உறுதியில்லாமல் எந்த முடிவை நாங்கள் நம்புவது?

டெர்பினாஃபினுக்கு அடங்காத வளர்ப்புகள் எங்கள் ஆய்வகக் குளிர்பெட்டியில் இருக்கின்றன. நெறிமுறைக் குழுவின் அனுமதியோடு யார் கேட்டாலும், அவற்றைத் தர என் மேலதிகாரிகளிடம் நானே பேசுகிறேன். எலுமிச்சைச் சாறு விட்டு அரைத்ததையும் விடாததையும் இரண்டு வரிசையாக வைத்துச் சோதிப்பவர் முதலில் கேட்டால் ரொம்பச் சந்தோஷம்.

இப்படிக்கு,
தோல் மாதிரிகளைப் பார்க்கும் ஓர் ஆய்வகப் பணியாளர்