சாயம் வெளுத்தால் போதாது: ஆய்விதழ் ஆசிரியர்களுக்கும் மதிப்பாய்வாளர்களுக்கும் ஒரு திறந்த மடல்

வணக்கம்.

உலோகக் கணுக்களைக் கரிம மூலக்கூறுகள் இணைத்து உருவாகும் நுண்துளைப் படிகங்களான உலோக-கரிமச் சட்டகங்களை ஒளிவினையூக்கியாக்கி (ஒளி பட்டால் வினையைத் தூண்டும் பொருளாக்கி) நீரைச் சுத்திகரிப்பதாகச் சொல்லும் கட்டுரைகள் பலவற்றின் முதன்மைச் சான்று ஒன்றுதான்: மெத்திலீன் நீலம் என்ற சாயம் வெளுத்தது, 664 நானோமீட்டரில் அதன் ஒளி உறிஞ்சல் குறைந்தது. இதை மட்டும் நம்பி எந்தக் கட்டுரையையும் ஏற்காதீர்கள்.

கிராமுக்கு 1000 சதுர மீட்டர் பரப்புள்ள பொருள் விளக்கே இல்லாமலும் சாயத்தை இழுத்துக்கொள்ளும். விளக்கை ஏற்றுமுன் இருட்டில் 30 நிமிடம் கலக்குவது டைட்டானியம் டைஆக்சைடு என்ற பழைய ஒளிவினையூக்கியிலிருந்து வந்த பழக்கம். குறுகிய நுண்துளைகளுக்குள் மூலக்கூறு ஊர்ந்து சேர மணிக்கணக்காகலாம். அடுத்தடுத்த மூன்று மாதிரிகளில் செறிவு மாறாமல் நின்ற பிறகே விளக்கை ஏற்ற வேண்டும். தவிர, சாயம் தானே ஒளியை உறிஞ்சி வினையூக்கிக்குள் எலக்ட்ரானைத் தள்ளிவிடும்; அப்போது வெளுப்பு வினையூக்கியின் திறனைக் காட்டாது. ஆகவே ஃபீனால் போன்ற நிறமற்ற மாசு ஒன்றையும் சோதிக்கச் சொல்லுங்கள்.

எங்கள் பெரிய கவலை வேறு. மாசு சிதைகிறதா, சட்டகமே சிதைகிறதா? யுஐஓ-66, எம்ஐஎல்-125 என்ற இரண்டு சட்டகங்களிலும் உலோகக் கணுக்களை இணைக்கும் இணைப்பி டெரிஃப்தாலிக் அமிலம். மாசைத் தாக்கிச் சிதைக்கும் ஹைட்ராக்சில் ரேடிக்கல் உண்டாகிறதா என்று பார்க்கக் கரைசலில் விடும் சோதனைப் பொருளும் அதே அமிலம்தான்! ரேடிக்கல் தாக்கியதும் அது 2-ஹைட்ராக்சிடெரிஃப்தாலிக் அமிலமாகி, 315 நானோமீட்டர் ஒளியில் தூண்டினால் 425 அருகே ஒளிரும். சோதனைப் பொருளைச் சேர்க்காத கரைசலும் அப்படி ஒளிர்ந்தால், வினையூக்கி தன் இணைப்பியையே தின்கிறது என்று ஐயப்பட வேண்டும். இணைப்பியில் அமினோ தொகுதி உள்ள வகைகளில் இந்தச் சோதனையே செல்லாது. கசிந்த இணைப்பி வினை நடக்காமலே நீலமாக ஒளிரும். அங்கே திரவ குரோமட்டோகிராஃபியில் பிரித்துத்தான் பார்க்க வேண்டும்.

நீரில் கரைந்த உலோகத்தின் அளவையும் மொத்தக் கரிமக் கார்பனின் அளவையும் கேளுங்கள். சரியாகக் கழுவாத நுண்துளைகளில் தங்கிய டைமெத்தில்ஃபார்மமைடு என்ற தயாரிப்புக் கரைப்பானும் கார்பன் கணக்கைக் கெடுக்கும் என்பதால், மாசு சேர்க்காத வெற்றுச் சோதனை கட்டாயம். படிக அமைப்பைக் காட்டும் எக்ஸ்-கதிர் விளிம்புவிளைவுக் கோலம் மாறவில்லை என்பது போதாது, படிக ஒழுங்கிழந்த பகுதி அதில் எளிதில் தெரியாது. பயன்படுத்திய தூளில் நைட்ரஜன் வாயுவை ஒட்டவைத்து, அதன் பரப்பளவை 77 கெல்வினில் மீண்டும் அளக்கட்டும்.

வினைவழியைக் காட்டச் சேர்க்கும் பொருள்களும் ஏமாற்றும். ஒளி எலக்ட்ரானைக் கிளப்பியதும் மிஞ்சும் மின்துளைகளைப் பிடிக்க, உலோகத்தைப் பற்றும் இடிடிஏ என்ற சேர்மத்தை விட்டால் அது எம்ஐஎல்-100 போன்ற இரும்புச் சட்டகத்திலிருந்து இரும்பையே பிடுங்கும். அமிலத்தன்மை மாறாமல் காக்கச் சேர்க்கும் பாஸ்பேட் தாங்கல் கரைசல், யுஐஓ-66 போன்றவற்றின் சிர்க்கோனியம் கணுவோடு கார்பாக்சிலேட்டைவிட வலுவாகப் பிணைந்து இணைப்பியை வெளியேற்றும். இவற்றால் வேகம் குறைந்ததை வினைவழிக்குச் சான்றாகக் கொள்ள முடியாது.

கடைசியாக ஒன்று. தூய நீரில் எடுத்த வேகம் இயற்கை நீரில் அப்படியே நிற்காது, பைகார்பனேட் ஹைட்ராக்சில் ரேடிக்கலைப் பறித்துக்கொள்ளும். 2 மில்லிமோலார் சோடியம் பைகார்பனேட் கலந்த நீரிலும் அதே சோதனையைச் செய்து, இரண்டு வேகங்களையும் ஒரே அட்டவணையில் தரச் சொல்லுங்கள். தராவிட்டால் கட்டுரையைத் திருத்தத்துக்குத் திருப்பி அனுப்புங்கள்.

இப்படிக்கு,
ஒளிவினையூக்க ஆய்வில் இருப்போர் சிலர்