எறிதூரம் வேறு, எறிதிறன் வேறு

பத்திராதிபர் அவர்கட்கு,

கல்லூரிகளுக்கிடையிலான பெருஞ்சமர் கிரிக்கெட் ஆட்டத்தின் முன்னோட்டமாகத் தங்கள் விளையாட்டுப் பக்கத்தில் இரு கல்லூரி அணிகளின் எல்லைக் களத்தடுப்பாளர்களை ஒப்பிட்டிருந்தீர்கள். ஒருவர் 75 மீற்றர் எறிவார், மற்றவர் 65 மீற்றரைத் தாண்டமாட்டார், ஆகவே முன்னவரின் கையே பலமானது என்று முடிவும் சொல்லியிருந்தீர்கள். இருவரும் மாணவர்கள். ஆளை விட்டுவிட்டு அளவுகோலைப் பற்றி மட்டும் எழுதுகிறோம்.

ஆகக்கூடிய தூரம் எறிய வேண்டுமென்றால் பந்தை ஏறக்குறைய 30 முதல் 35 பாகை வரை மேல்நோக்கி விடவேண்டும். அப்படி விட்ட பந்து மூன்று செக்கனுக்கு மேல் ஆகாயத்தில் நிற்கும். இரு துடுப்பாட்டக் கோடுகளுக்கும் இடையில் 17.68 மீற்றர்தான், காலில் வேகமுள்ள பையன் அதை மூன்று செக்கனில் ஓடி மட்டையையும் வைத்துவிடுவான். ரன் அவுட் எடுக்கிற எறி தாழ்வாக வரவேண்டும். தூரப் போட்டியில் வெல்கிற எறியும் ஆட்டத்தில் விக்கெட் எடுக்கிற எறியும் ஒரே எறி அல்ல.

கணக்காகவே பார்ப்போம். 50 மீற்றர் தொலைவிலிருந்து மணிக்கு 110 கிலோமீற்றர் வேகத்தில் வரும் பந்துக்கும் 100 கிலோமீற்றரில் வரும் பந்துக்கும் இடையே கால் செக்கன் வித்தியாசம்கூட இல்லை. ஓடுகிறவர் அதற்குள் ஒன்றரை மீற்றருக்கும் குறைவாகவே நகர்வார். ஆனால் பந்தில் கைபட்டதிலிருந்து கையைவிட்டுப் போகும்வரை ஒருவர் ஒரு செக்கனும் இன்னொருவர் ஒன்றரைச் செக்கனும் எடுத்தால், அந்த அரைச் செக்கனில் ஓடுகிறவருக்கு மூன்று மீற்றர் இனாமாகக் கிடைத்துவிடுகிறது. தங்கள் கட்டுரையிலேயே, இரண்டாமவர் “பந்தை எடுத்த கையோடு விட்டுவிடுகிறார்” என்று போகிறபோக்கில் ஒரு வரி இருந்தது. தலைப்பாக வந்திருக்க வேண்டிய வரி அது.

அந்த அரைச் செக்கன் பெரும்பாலும் காலில்தான் தொலைகிறது. வலக்கைக்காரர் பந்தை வலது பாதத்தின் பக்கத்தில் எடுக்கவேண்டும். இரண்டு காலுக்கும் நடுவில் எடுத்தால், நிமிர்ந்து, உடம்பைப் பக்கவாட்டில் திருப்பி, அதன்பிறகுதான் எறிய முடியும். எடுத்தவுடன் ஒரேயொரு துள்ளல் போதும்: வலது பாதம் இலக்குக்குக் குறுக்காக விழ, இடது பாதமும் இடது கையும் விக்கெட் காப்பாளரை நோக்கிப் போகவேண்டும். நம் பிள்ளைகளில் பலர் பந்துவீச ஓடிவருவதுபோல நாலைந்து அடி ஓடிவிட்டு எறிகிறார்கள். கைதட்டல் அதற்குத்தான் விழுகிறது என்பது வேறு கதை.

ஆட்காட்டி விரலும் நடுவிரலும் தையலுக்குக் குறுக்கே இருந்தால் பந்து பின்சுழற்சியோடு நேராக வரும். தையலோடு ஒட்டிப் பிடித்தால் வழியில் விலகும். காப்பாளர் ஸ்டம்பை விட்டு நகரவேண்டி வரும். முழங்கை தோளுக்குக் கீழே இறங்கினால் பந்து எறிபவரின் வலப்பக்கம் இழுபடும், முழங்கையின் உட்பக்கமும் நோகத் தொடங்கும்.

மைதானமும் பார்க்கவேண்டும். இங்கே கிழக்கில் கல்லடியிலிருந்து அக்கரைப்பற்று வரை கரையோரத் தரை மணற்பாங்கு. காப்பாளருக்குப் பத்து மீற்றர் முன்னால் குத்தவேண்டும் என்று புத்தகத்தில் இருப்பதை இங்கே செய்தால் பந்து செத்துவிடும். நேரே கைக்கு எறிவதுதான் நல்லது. மாரியில் நனைந்த புல்லில் அதே பந்து எழும்பாமல் வழுக்கிக்கொண்டு போகும். இன்னொன்று, மேற்கிலிருந்து வரும் கச்சான் காற்று அடிக்கிற நாளில் மேற்குப் பக்கமிருந்து கிழக்கே எறிந்து அளந்த தூரத்தை யாரும் நம்பவேண்டாம்.

இதே குழப்பம் அமெரிக்க உதைபந்தாட்டத்திலும் உண்டு. அங்கே பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துகிறவர் குவாட்டர்பேக். 1998இல் கல்லூரி ஆட்டத்திலிருந்து வந்த இருவரில் ரயன் லீஃபின் கைதான் பலமானது என்று பலர் சொன்னார்கள். பெய்ட்டன் மானிங்கிடம் இருந்தது களத்தை வாசிக்கும் திறனும் பந்தைச் சட்டென்று விடும் பழக்கமும். தொழில்முறை அணிகள் புதிய வீரர்களை எடுத்த தெரிவில் மானிங் முதலாவதாகவும் லீஃப் இரண்டாவதாகவும் தெரிவானார்கள். மானிங் இரண்டு முறை சூப்பர் போல் என்கிற இறுதிப் போட்டியை வென்றார். லீஃப் 2001உடன் ஆட்டத்தை விட்டே போனார், புள்ளி தேடித்தந்த எறிகள் (டச்டவுன்) 14, எதிரணி பிடித்துக்கொண்ட எறிகள் (இன்டர்செப்ஷன்) 36 என்ற கணக்கோடு. இதற்காகக் கைப்பலமே வேண்டாம் என்று ஆகாது. வயோமிங் பல்கலைக்கழகத்தில் ஆடிய ஜோஷ் அலனின் கை அபாரமானது, குறி மோசமானது. தொழில்முறை ஆட்டத்தில் முதல் வருடமான 2018இல் அவரது எறிகளில் 52.8 சதவீதமே தன் அணியினரின் கையில் சேர்ந்தன. 2020இல் அது 69.2 சதவீதமானது. பலத்தின்மேல் திறனை ஏற்றலாம், ஏற்றுவதற்கு ஆள் வேண்டும்.

ஆகவே 75 மீற்றர் எறிகிற மாணவரை நீளமான எல்லையில் நிறுத்தலாம். மற்றவரை எங்களிடம் விட்டால் கவர் அல்லது பொயின்ட் என்கிற கிட்டத்து இடங்களில், விக்கெட்டைச் சுற்றிய 27 மீற்றர் வட்டத்துக்குள் நிறுத்துவோம்; அங்கே தூரத்துக்கு வேலையில்லை.

அடுத்தமுறை ஒப்பிடுவதானால், 50 மீற்றரில் நிற்கவைத்து இடமும் வலமும் மாற்றிப் பந்தை உருட்டிவிடுங்கள். கைபட்ட கணத்திலிருந்து காப்பாளரின் கையுறை வரை நேரம் பிடியுங்கள். பத்து எறியில் எத்தனை, காப்பாளர் நகராமலே முழங்காலுக்கும் நெஞ்சுக்கும் இடையில் வந்தன என்று எண்ணுங்கள். கடைசி மூன்றை ஓடிக் களைத்தபின் எறியவிடுங்கள். திறன் எதுவென்று அப்போது தெரியும். எறிவதற்கு முன் 15, 25, 35 மீற்றர் என்று படிப்படியாகக் கையைச் சூடேற்றவேண்டும். பயிற்சி முடிந்து களைத்த கையோடு “யார் தூரம்?” என்று போட்டி வைப்பதைப் பாடசாலைகள் நிறுத்தவேண்டும், வளரும் வயதில் தோளும் முழங்கையும் பழுதாவது அங்கேதான். 13 வயதுக்குக் கீழ்ப்பட்டோருக்கு 133 முதல் 144 கிராம் வரையான சிறிய பந்து இருக்கிறது. அண்ணன்மாரின் 156 கிராமுக்குக் குறையாத பந்தை அவர்கள் கையில் கொடுத்து எல்லையிலிருந்து எறியச் சொல்லவேண்டாம்.

இப்படிக்கு,
கிரிக்கெட் பயிற்றுநர்கள் சிலர்,
மட்டக்களப்பு.