பாதி மலையில் எங்களை நிறுத்திய அக்காவுக்கு

அன்புள்ள அக்கா,

உங்கள் பெயரைக் கேட்காமலே இறங்கி வந்துவிட்டேன். அதனால்தான் இதை எல்லோரும் படிக்கிற இடத்தில் எழுதுகிறேன், எப்படியாவது உங்கள் கண்ணில் படட்டும் என்று. போன கோடையில், மரங்கள் முடிந்து மொட்டைப் பாறை தொடங்குகிற இடத்தில், கறுப்பு நாயோடு ஏறிக்கொண்டிருந்தவன் நான். நாயின் பெயர் கரிச்சான். அந்தப் பெயரைச் சொன்னால் உங்களுக்கு நினைவு வரும். அவனைக் கண் மூடவிடாமல் நீங்கள்தான் அதைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தீர்கள்.

நீங்கள் மேலிருந்து இறங்கி வந்தீர்கள். ஏறுகிறவர்களுக்கு வழிவிட்டு ஓரமாக ஒதுங்கினீர்கள். நன்றி சொல்லிவிட்டு நான் நாலு எட்டு வைத்திருக்க மாட்டேன். “தம்பி, கொஞ்சம் நில்லுங்க. அவன் நாக்கைப் பாத்தீங்களா?” என்றீர்கள்.

பார்த்திருக்கவில்லை, அக்கா. ஒரு மணி நேரமாக அவன் என் காலை உரசியபடியே வந்தான். பாசம் என்று நினைத்தேன். என் நிழலுக்குள் நடக்கப் பார்த்திருக்கிறான். நீங்கள் சொன்ன பிறகுதான் குனிந்து பார்த்தேன்: நாக்கு அகலமாக விரிந்து தொங்கியது, எச்சில் கெட்டியாக நூல் விட்டது, ஈறு செக்கச்செவேலென்று இருந்தது. நின்ற இடத்திலேயே பின்னங்கால் தள்ளாடியது.

“புறங்கையைப் பாறையில வச்சு அஞ்சு வரைக்கும் எண்ணுங்க” என்றீர்கள். மூன்றுக்கு மேல் என்னால் முடியவில்லை. தடித்த அடிப்பாகம் கொண்ட பூட்ஸில் நான் நடந்த பாறையில் அவன் வெறும் பாதத்தில் நடந்திருந்தான்.

அவனைத் தூக்கிக்கொண்டு கீழே ஓடத்தான் எனக்குத் தோன்றியது. “முதல்ல குளிர வைக்கணும், அப்புறம்தான் தூக்கிட்டுப் போகணும்” என்று தடுத்தீர்கள். ஒரு பாறையிடுக்கு நிழலில் அவனைக் கிடத்தி, உங்கள் தண்ணீரையும் என் தண்ணீரையும் வயிற்றிலும் தொடையிடுக்கிலும் ஊற்றி, தொப்பியால் விசிறிக்கொண்டே இருந்தீர்கள். குடிக்கக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் விட்டீர்கள். இருபது நிமிடம் இருக்கும். அவன் தலையைத் தூக்கி உங்கள் மணிக்கட்டை நக்கியபோது நான் அழுதேன். நீங்கள் பார்க்காதது போல் முகத்தைத் திருப்பிக்கொண்டீர்கள். அதற்கும் நன்றி.

அன்று மாலை கால்நடை மருத்துவர் விளக்கினார். நாயின் இயல்பான உடல்வெப்பம் ஏறக்குறைய 38.3 முதல் 39.2 டிகிரி செல்சியஸ். 41-ஐத் தாண்டினால் மூளையும் சிறுநீரகமும் குடலும் பழுதாகத் தொடங்கும். நமக்கு உடம்பெல்லாம் வியர்க்கிறது. நாய்க்கு வியர்வைச் சுரப்பி பயன்படுகிற இடம் பாதத்தின் அடிப்பகுதி மட்டும்தான், அதுவும் சொற்பம். மூச்சிரைத்து, நாக்கிலும் மூக்கிலும் உள்ள ஈரத்தை ஆவியாக்கித்தான் அது சூட்டை வெளியேற்ற வேண்டும். காற்றில் ஈரப்பதம் மிகுந்தால் அந்த வழியும் அடைபட்டுப் போகும். பக், புல்டாக் போன்ற சப்பை மூக்கு நாய்களுக்கு அது பிறப்பிலேயே பாதி அடைபட்ட வழி.

எனக்கு அன்று அவ்வளவு பிடிவாதம் எங்கிருந்து வந்தது என்று யோசித்துப் பார்த்தேன். ட்ஷிங்கெல் என்ற நாயின் கதை என் தலைக்கேறியிருந்தது. கூலிட்ஜ் என்ற மலையேறியோடும் அவருடைய அத்தை மெட்டா பிரெவோர்ட்டோடும் ஆல்ப்ஸ் சிகரங்களில் ஏறிய பெண் நாய் அது. 1875-ல் ஆல்ப்ஸிலேயே மிக உயரமான மோன் பிளாங்க் உச்சியையே தொட்டது. அது போனால் கரிச்சான் போகமாட்டானா என்று நினைத்தேன். அது நடந்தது பனியில் என்பதையும், கூடவே தேர்ந்த வழிகாட்டிகள் இருந்தார்கள் என்பதையும் வசதியாக மறந்துவிட்டேன்.

பிரியும்போது நீங்கள் சொன்ன ஒரு வாக்கியம்தான் இந்தக் கடிதத்தை எழுத வைத்தது. “அவன் மலையைப் பாத்து ஏறல தம்பி. உங்களைப் பாத்து ஏறுறான்.”

அதன் முழுப் பொருள் எனக்கு மெல்ல மெல்லத்தான் புரிந்தது. உச்சி என்ற ஒன்று அவனுக்குக் கிடையவே கிடையாது. முன்னால் போகிற என் முதுகு மட்டும்தான் இருக்கிறது. நான் நின்றால் நிற்பான், நடந்தால் விழும்வரை நடப்பான். போதும் என்று சொல்லும் பொறுப்பு முழுக்க என்னுடையது.

இப்போதெல்லாம் விடியுமுன் புறப்பட்டு, பாறை சுடுவதற்குள் இறங்கிவிடுகிறோம். இருபத்திரண்டு கிலோ இருக்கிற அவனுக்கென்றே இரண்டு லிட்டர் தண்ணீர் தனியாகச் சுமக்கிறேன். தேங்கிய குட்டையில் வாய் வைக்க விடுவதில்லை. எலிக்காய்ச்சல் கிருமி அங்கேதான் காத்திருக்கும். ஏற்றத்தைவிட இறக்கம்தான் அவனுக்குக் கொடுமை என்பதையும் கற்றுக்கொண்டேன். சமதரையிலேயே நாயின் எடையில் 60 விழுக்காடு முன்னங்காலில்தான் இருக்கும். சரிவில் அது இன்னும் கூடும், தோள் மூட்டு வாங்கும் ஒவ்வொரு குதிப்பையும். அதனால் படி போன்ற பாறைகளில் அவனைத் தூக்கி இறக்குகிறேன். இடையிடையே உட்கார்ந்து பாதத்தைத் திருப்பிப் பார்க்கிறேன், தோல் உரிந்திருக்கிறதா, விரலிடுக்கில் புல்விதை குத்தியிருக்கிறதா என்று. வீடு வந்ததும் காதுமடலிலும் அக்குளிலும் உண்ணி தேடுவது எங்கள் இருவருக்கும் பிடித்த வேலையாகிவிட்டது.

கயிற்றை அவிழ்ப்பதே இல்லை. இதில் என் கருத்து கடுமையானது. “என் நாய் ஒன்றும் செய்யாது” என்பவர்களோடு சண்டைகூடப் போட்டிருக்கிறேன். தரையில் கூடு கட்டும் பறவைக்கு அது தெரியாதே. கரடியைக் குரைத்துக் கிளப்பிவிட்டு, பயந்து நம்மிடமே ஓடிவரும் நாய் கரடியையும் கூட்டிக்கொண்டு வரும். தடுப்பூசியிலும் அதே கண்டிப்புதான், நாயின் நோய் காட்டு விலங்குக்கும் தொற்றும். 1994-ல் ஆப்பிரிக்காவின் செரெங்கெட்டி புல்வெளியில் டிஸ்டெம்பர் என்ற நாய்நோய் பரவி, அங்கிருந்த சிங்கங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு செத்துப்போனது. நாய்க்கு அனுமதியில்லை என்று பலகை வைத்த காட்டின் வாசலில் முன்பு முணுமுணுப்பேன். இப்போது பேசாமல் திரும்பிவிடுகிறேன்.

போன மாதம் ஒரு இளைஞரைப் பார்த்தேன். ஆறு மாதப் பெரிய இன நாய்க்குட்டியை உச்சிவரை கூட்டிப்போகிறேன் என்றார். எலும்பு நீளுகிற மென்மையான முனைப் பகுதி, அதாவது வளர்ச்சித் தட்டு, கெட்டியாகி மூட ஒன்றரை வருடம்வரை ஆகலாம், அதற்குள் இவ்வளவு ஏற்றம் வேண்டாம் என்று சொன்னேன். முதலில் முகம் சுளித்தார். பிறகு குட்டியைப் பார்த்தார். திரும்பிவிட்டார். “தம்பி, கொஞ்சம் நில்லுங்க” என்று என் வாயிலிருந்து வந்தபோது உங்கள் குரல்தான் என் காதில் கேட்டது.

இன்னொன்று கேட்க வேண்டும். அன்று நீங்கள் தனியாகத்தான் வந்திருந்தீர்கள். ஆனாலும் உங்கள் பையிலிருந்து நாய் தண்ணீர் குடிக்கிற மடக்குக் கிண்ணம் ஒன்றை எடுத்தீர்கள். ஓரமெல்லாம் பல் பதிந்த பழைய கிண்ணம். பதற்றத்தில் அதை நான் என் பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன். வீட்டில் கழுவும்போதுதான், அடியில் மையால் எழுதிய ஒரு பெயர் பாதி அழிந்திருப்பதைப் பார்த்தேன். கரிச்சானுக்கு அதை மறுபடி கொடுக்கவில்லை. எழுத்து மேலும் அழியாமல் துணியில் சுற்றி வைத்திருக்கிறேன்.

எங்கே கொண்டுவந்து தர வேண்டும் என்று சொல்லுங்கள். அவனையும் கூட்டிக்கொண்டு வருகிறேன்.

அன்புடன்,
கரிச்சானோடு ஏறியவன்