நோன்பில் நாம் நழுவவிடும் படி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உயிர்ப்புத் திருநாளுக்கு முந்திய தவக்காலம் நெருங்கினால் புதுச்சேரியிலும் கடலூரிலும் கிறிஸ்தவர்களிடையே இரண்டு பேச்சுகள் எழும். 'வெள்ளிக்கிழமை கவிச்சி தொடவில்லை, சிலுவைப்பாதைக்குத் தவறவில்லை, கடமை முடிந்தது' என்பது ஒன்று. 'மனசு சுத்தமாக இருந்தால் போதும், சடங்கெல்லாம் எதற்கு' என்பது மற்றொன்று. இரண்டுமே பாதி வழியில் நின்றுவிடுகின்றன. நோன்பு, குருவிடம் பாவங்களை அறிக்கையிடும் பாவசங்கீர்த்தனம், காணிக்கை என எதை எடுத்தாலும் அதற்குள் அடுத்த மனிதரைத் தொடுகிற படி ஒன்று இருக்கிறது. நாம் நழுவவிடுவது பெரும்பாலும் அந்தப் படியைத்தான்.

முதலில் நோன்பு. கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டப்படி ஒருசந்தி கட்டாயமான நாள்கள் ஆண்டுக்கு இரண்டே: சாம்பல் புதன், பெரிய வெள்ளி. 18 வயது நிறைந்தவர்கள் 59 நிறையும்வரை இதற்குக் கட்டுப்பட்டவர்கள். ஒரு வேளை முழு உணவு. மற்ற வேளைகளில் சிறிதளவு உண்ணலாம். இறைச்சி தவிர்க்கும் சுத்தபோசனம் 14 வயது நிறைந்த அனைவருக்கும் உரியது. நோயாளிகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் விலக்கு உண்டு. இன்சுலின் போட்டுக்கொள்பவர் சாப்பாட்டைத் தள்ளிப்போட்டு மயங்கி விழுவதைத் திருச்சபை யாரிடமும் கேட்கவில்லை. பங்குகளில் இந்த விலக்கையும் சட்டத்தோடு சேர்த்தே அறிவிக்க வேண்டும். வயதானவர்கள் பலர் இதைத் தெரியாமலேயே உடம்பைக் கெடுத்துக்கொள்கிறார்கள்.

சட்டம் மாமிசத்தைத்தான் விலக்குகிறது, மீனை அல்ல. ஆகவே வெள்ளிக்கிழமை கோழிக்குப் பதிலாக அதைவிட விலை கூடிய வஞ்சிரம் வாங்கி வறுத்தால் எந்த விதியும் மீறப்படவில்லை. ஆனால் நோன்பும் நடக்கவில்லை. இதை வெறும் மனநிலை சார்ந்த விஷயமாக ஆதித் திருச்சபை விட்டுவிடவில்லை. இரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்த ஏர்மாவின் 'மேய்ப்பர்' என்ற நூல் தெளிவாகவே வழி சொல்கிறது: நோன்பு நாளில் அப்பமும் தண்ணீரும் மட்டும் எடுத்துக்கொள், அன்று உண்டிருக்கக்கூடிய உணவுக்கு என்ன செலவாகியிருக்கும் என்று கணக்கிடு, அந்தத் தொகையை ஒரு விதவைக்கோ அநாதைக்கோ இல்லாதவருக்கோ கொடு. வயிற்றைக் காயப்போடுவது அங்கே முதல் படி மட்டுமே.

இன்று வீட்டுக்கு வீடு தவக்கால உண்டியல் தருகிறார்கள். நல்ல ஏற்பாடு. ஆனால் பல வீடுகளில் அது அலமாரி மேலேயே கிடந்து, திருப்பிக் கொடுக்க வேண்டிய நாளுக்கு முந்தின இரவு, கையில் அகப்பட்ட நோட்டு ஒன்றோடு திரும்பிப் போகிறது. மிச்சப்பட்ட காசை அன்றன்றே எடுத்து வைக்காததுதான் காரணம்; ஒரு வாரத்தில் அது வேறு செலவில் கரைந்துவிடும். கறி, எண்ணெய், மசாலா, வாங்காமல் விட்ட டீ, பலகாரம் எல்லாவற்றையும் அன்று மாலையே கூட்டி, அந்தத் தொகையை அப்போதே உண்டியலில் போட வேண்டும். பிள்ளைகளைக் கூட்டச் சொன்னால் இன்னும் நல்லது. நோன்பு என்றால் என்னவென்று அவர்களுக்கு அந்தக் கணக்கே சொல்லிக்கொடுக்கும். சாம்பல் புதனிலிருந்து புனித சனி வரை 46 நாள்கள். ஆறு ஞாயிறுகளைக் கழித்தால் 40. அத்தனை நாளும் முடியாதவர்கள் வெள்ளிக்கிழமைகளையாவது இப்படி நடத்தலாம்.

எசாயா நூலின் 58ஆம் அதிகாரம் இன்னும் கடுமையானது. நோன்பு நாளிலேயே வேலையாட்களை வாட்டுகிறீர்களே என்று கேட்டுவிட்டு, பசித்தவருக்கு உணவைப் பகிர்வதும் அநியாயக் கட்டுகளை அவிழ்ப்பதுமே தமக்குப் பிடித்த நோன்பு என்கிறார் ஆண்டவர். வீட்டு வேலைக்கு வரும் பெண்ணின் சம்பளத்தை இழுத்தடித்துவிட்டு மாலையில் சிலுவைப்பாதையின் பதினான்கு நிலைகளிலும் முழந்தாளிடுபவர்கள் இந்த அதிகாரத்தை ஒருமுறை நிதானமாக வாசிக்க வேண்டும்.

பிள்ளைகள் கேட்கும் நியாயமான கேள்வி ஒன்றையும் இங்கே சொல்ல வேண்டும். சாம்பல் புதனன்று வாசிக்கப்படும் மத்தேயு 6ஆம் அதிகாரம், நோன்பிருக்கும்போது முகத்தைக் கழுவி, பிறருக்குத் தெரியாதபடி இருக்கச் சொல்கிறது. அதைக் கேட்ட கையோடு நெற்றியில் சாம்பல் பூசிக்கொள்கிறோமே, முரண் இல்லையா? அது தனி மனிதரின் தவத்துக்கு அத்தாட்சி அல்ல. 'நான் மண்தான், மனம் மாற வேண்டியவன்' என்று சபை முழுவதும் சேர்ந்து ஒப்புக்கொள்வது. வெளியே வந்து கழுவிவிட்டால் பாவம் ஒன்றுமில்லை. அதைப் படமெடுத்து வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வைப்பதுதான் அந்த அதிகாரத்துக்கு நேர் எதிரானது.

அடுத்து, பாவசங்கீர்த்தனம். அதற்கு ஐந்து காரியங்கள் தேவை என்று ஞானோபதேசத்தில் படித்திருப்போம்: பாவங்களை நினைவுக்குக் கொண்டுவருதல், மனஸ்தாபப்படுதல், இனிச் செய்வதில்லை என்று தீர்மானித்தல், குருவிடம் சொல்லுதல், அபராதம் தீர்த்தல். புனித வாரத்தில் நீண்ட வரிசையில் நின்று நாம் ஒழுங்காகச் செய்வது நான்காவதை மட்டும்தான். அதுவும் சின்ன வயதில் மனப்பாடம் செய்த அதே பட்டியல்: பொய் சொன்னேன், கோபப்பட்டேன், பூசைக்குப் போகவில்லை. மனஸ்தாபம் என்பது செய்த பாவத்தை வெறுத்து வருந்துவதும் இனிச் செய்வதில்லை என்ற உறுதியும் சேர்ந்தது என்று 1551இல் திரிதெந்தின் பொதுச்சங்கம் வரையறுத்தது. கண்ணீர் வந்ததா இல்லையா என்பது அளவுகோல் அல்ல.

ஐந்தாவதில்தான் பெரும் குழப்பம். குரு சொன்ன மூன்று 'அருள் நிறைந்த மரியே' செபத்தோடு எல்லாம் தீர்ந்துவிடுவதாக நினைக்கிறோம். திருச்சபையின் மறைக்கல்வி ஏடு அப்படிச் சொல்லவில்லை: திருடியதைத் திருப்பிக் கொடுக்க வேண்டும், பழி சுமத்தியவரின் நற்பெயரை மீட்டுக் கொடுக்க வேண்டும், இழப்பை ஈடுசெய்ய வேண்டும். சீட்டுப் பணத்தை எடுத்துக்கொண்டு கட்டாமல் விட்டவர் அதைக் கட்டியாக வேண்டும். தம்பியின் மனையில் இரண்டடி தள்ளி மதில் எழுப்பியவர் அதைச் சரிசெய்ய வேண்டும். உரியவர் இறந்திருந்தால் வாரிசுகளுக்கு, யாரென்றே தெரியாவிட்டால் ஏழைகளுக்கு. மொத்தமாக முடியாதவர் தவணையாகத் தரலாம். தரும் எண்ணமே இல்லாமல் மன்னிப்பு மட்டும் கேட்க முடியாது. வரிவசூலித்துப் பணம் சேர்த்த சக்கேயு அழுதார் என்று லூக்கா எழுதவில்லை. சொத்தில் பாதி ஏழைகளுக்கு, ஏமாற்றி வாங்கியதற்கு நான்கு மடங்கு என்று அவர் கணக்குச் சொன்னதைத்தான் எழுதுகிறார்.

'மனசு போதும்' என்பவர்களுக்கு திருச்சபைச் சடங்குகளை விமர்சித்த சீர்திருத்தவாதி மார்ட்டின் லூத்தரையே சாட்சிக்கு அழைக்கலாம். 1517இல் அவர் முன்வைத்த 95 கருத்துகளில் முதலாவது, விசுவாசியின் வாழ்வு முழுவதும் மனந்திரும்புதலாக இருக்க வேண்டும் என்கிறது. மூன்றாவதை நம்மில் பலர் கவனிப்பதில்லை: உள்ளத்தில் மட்டும் நடக்கும் மனந்திரும்புதல், வெளியே உடலை ஒடுக்கும் செயல்களாக வராவிட்டால் ஒன்றுமில்லை என்கிறார். இயேசுவும் புதினா, சீரகத்தில் பத்தில் ஒரு பங்கு கொடுத்தவர்களைக் கண்டித்தபோது, நீதியையும் இரக்கத்தையும் விடாமல் அதையும் செய்திருக்க வேண்டும் என்றே சொன்னார். சடங்கை விட்டுவிட்டவர்கள் நீதியைப் பிடித்துக்கொண்டார்களா என்பதை அவரவரே சொல்லட்டும்.

பலிபீடத்துக்குக் காணிக்கையோடு வந்தவன் அதை அங்கேயே வைத்துவிட்டுப் போய், முதலில் சகோதரனோடு ஒப்புரவாக வேண்டும் என்கிறது மத்தேயு 5. கவனியுங்கள், 'உனக்கு அவன்மேல் மனத்தாங்கல் இருந்தால்' என்று அங்கே இல்லை. 'அவனுக்கு உன்மேல் இருந்தால்' என்றே இருக்கிறது. காயப்பட்டவரின் கணக்குதான் செல்லும். இந்த ஊருக்கு இது பழைய பாடம். 1745இல் புதுச்சேரிக் கோயிலுக்குள், பறையர் கிறிஸ்தவர்களைச் சாதிக் கிறிஸ்தவர்களிடமிருந்து பிரிக்க எழுப்பப்பட்டிருந்த சுவரைப் பற்றியும், மறுக்கப்பட்டவர்கள் குருவிடம் முறையிட்டதால் அது இடிக்கப்பட்டதைப் பற்றியும் ஆனந்தரங்கப் பிள்ளை தம் நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். சுவரின் இரு பக்கமும் ஒரே பூசை நடந்தது, ஒரே நற்கருணை வழங்கப்பட்டது. சாதிப் பாகுபாடு கனமான சமூகப் பாவம் என்று இந்திய ஆயர் பேரவை 2016இல் எழுத்திலேயே அறிவித்துவிட்டது. ஆனாலும் தமிழகத்தில் கல்லறைத் தோட்டம்கூடச் சாதிவாரியாகப் பிரிந்து கிடக்கும் பங்குகள் இன்றும் உண்டு. அந்த ஊர்களில் தவக்காலத் தியானம் எத்தனை நாள் நடத்தினாலும் முதலில் தொட வேண்டியது அந்த வேலியைத்தான்.

கடைசியாகக் காணிக்கை. மின்விசிறி இறக்கையிலும் டியூப் லைட்டிலும் பெஞ்சு முதுகிலும் 'உபயம்' என்று பெயர் எழுதுவது நம் கோயில்களில் சாதாரணமாகிவிட்டது. பெற்றோரைக் காக்க வேண்டிய பணத்தைக் 'கொர்பான்', அதாவது கடவுளுக்கு நேர்ந்தது என்று சொல்லித் தப்பித்தவர்களை மாற்கு 7இல் இயேசு கண்டிக்கிறார். தேர்ச் செலவுக்கு வாரி வழங்கிவிட்டுத் தாயின் மருந்துக்குக் கை இறுக்கினால் அதுவும் கொர்பான்தான். பங்குப் பேரவைகளுக்கு ஒரு வேண்டுகோள்: இந்தத் தவக்காலத்தில் கொடுத்தவர் பெயர்களை வாசிக்க வேண்டாம். வந்த மொத்தத் தொகையையும் அது யாருக்கு எவ்வளவு போய்ச் சேர்ந்தது என்ற செலவுக் கணக்கையும், உதவி பெற்றவர் பெயர் இல்லாமல், உயிர்ப்பு ஞாயிறுக்கு அடுத்த வாரம் அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள்.

இப்படிக்கு,
மறைக்கல்வி ஆசிரியர்,
முத்தியால்பேட்டை, புதுச்சேரி